ஒரு புறநகரின் மக்கள் எப்படி மாறுகிறார்கள்? மான்டெரி பார்க்கை வைத்து ஒரு விளக்கம்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்திலிருந்து கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மான்டெரி பார்க் என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. பரப்பளவு சுமார் 20 சதுர கிலோமீட்டர். மக்கள் 60 ஆயிரத்துச் சொச்சம். 1960இல் இங்கே இருந்தவர்களில் ஏறக்குறைய 85% வெள்ளையர். லத்தீனோக்கள், அதாவது மெக்சிகோ போன்ற நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், 12%. ஆசியர் 3%. முப்பது வருடம் கழித்து, 1990இல், வெள்ளையர் 12%. லத்தீனோ சுமார் 30%. ஆசியர் 57%. ஹவாயை விட்டுவிட்டுப் பார்த்தால், அமெரிக்காவில் ஆசியர்கள் பெரும்பான்மையான முதல் நகரம் இதுதான்.

இப்படி ஓர் ஊரின் இனக் கலவை மாறும்போது இரண்டு கதைகள் உடனே கிளம்பிவிடும். "அவர்கள் வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள்" என்பது ஒன்று. "பழைய ஆட்கள் பயந்து ஓடிவிட்டார்கள்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டுமே நடுவில் இருக்கும் பெரிய விஷயங்களை விட்டுவிடுகின்றன. யார் எங்கே வீடு வாங்கலாம் என்ற சட்டம், யாருக்குக் கடன் கொடுப்பது என்ற வங்கியின் முடிவு, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்ற விசா விதி, கணக்கெடுப்புப் படிவத்தில் இருக்கும் கட்டங்கள் என்று பல கைகள் சேர்ந்துதான் அந்தச் சதவீதத்தை உருவாக்குகின்றன. மான்டெரி பார்க்கில் இவை ஒவ்வொன்றும் வேலை செய்ததைப் பார்க்க முடியும். அதனால்தான் புதிதாகப் படிப்பவர்களுக்கு இந்த ஊரைப் பரிந்துரைப்பேன்.

அந்த 85% எங்கிருந்து வந்தது?

மாற்றத்தைப் பற்றிப் பேசும் பலர், மாறுவதற்கு முன்பிருந்த நிலையை இயற்கையானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் முதல் தவறு. ஒரு பெருநகரத்தில் பல இனத்தவரும் வாழும்போது, பக்கத்துப் புறநகரில் மட்டும் 85% வெள்ளையர் இருந்தது தானாக நடந்ததல்ல.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவின் பல ஊர்களில் வீட்டுக் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று. வாங்கியவர் மீறினால் அண்டை வீட்டுக்காரர் வழக்குப் போடலாம். 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த நிபந்தனைகளை நிறைவேற்றித் தர நீதிமன்றங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பத்திரத்தில் எழுத்து அப்படியே இருந்தது, அதன் பல் மட்டும் போயிற்று.

அடுத்தது கடன். 1934இல் வந்த கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. சாதாரணச் சம்பளக்காரர்கள் குறைந்த முன்பணத்தில் புறநகரில் தனி வீடு வாங்க முடிந்தது இதனால்தான். ஆனால் பல இனத்தவர் கலந்து வாழும் பகுதிகளை அந்த நிர்வாகம் ஆபத்தான முதலீடாகவே மதிப்பிட்டது. கறுப்பினத்தவர் வாழும் தெருக்களுக்கு உத்தரவாதம் கிடைப்பது மிக அரிது. போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகிய காலத்தில், பொதுப் பணத்தின் துணையோடு வீடு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்.

1962இல் மான்டெரி பார்க்கிலேயே நடந்தது இது. மான்டெரி ஹைலேண்ட்ஸ் என்ற புதிய குடியிருப்பில் வீடு வாங்க ஒரு கறுப்பின இயற்பியலாளரும் அவர் மனைவியும் போனார்கள். படிப்பு, வேலை, வருமானம் என்று எதிலும் குறை சொல்ல முடியாத தம்பதி. கட்டியவர் விற்க மறுத்துவிட்டார். கோர் என்ற சமூக உரிமை அமைப்பினர் அந்தக் குடியிருப்பில் மறியல் இருந்தார்கள். உள்ளூர்க்காரர்களில் ஆதரித்தவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. கடைசியில் அந்தத் தம்பதிக்கு வீடு கிடைத்தது.

மறு வருடமே, 1963இல், வீடு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ரம்ஃபோர்ட் சட்டத்தைக் கலிஃபோர்னியா கொண்டுவந்தது. 1964இல் மாநில வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் அதைத் தூக்கி எறிந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பாகுபாடு காட்டும் உரிமைக்கு வாக்களித்தார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பின் முடிவைச் செல்லாது என்றது. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், நாடு முழுவதற்குமான நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்தது. ஆக, அந்த 85% என்ற எண்ணுக்குப் பின்னால் பத்திரம், வங்கி, வாக்குச் சீட்டு எல்லாம் இருக்கின்றன.

முதலில் வந்தவர்கள் யார்?

மான்டெரி பார்க் என்றாலே தைவான் சீனர்கள் வந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1970ஆம் ஆண்டின் எண்ணைப் பாருங்கள். வெள்ளையர் சுமார் 51%, லத்தீனோ 34%, ஆசியர் 15%. அதாவது 85 என்பது 51க்கு இறங்கியதே தைவான் அலை வருவதற்கு முன்புதான்.

இந்த முதல் பத்து வருடங்களில் வந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. பக்கத்தில் இருக்கும் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கொஞ்சம் வசதி வந்த மெக்சிகோ பூர்வீக அமெரிக்கர்கள் வந்தார்கள். பாயில் ஹைட்ஸ் போன்ற பகுதிகளிலிருந்து ஜப்பானியப் பூர்வீக அமெரிக்கர்கள் வந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் சைனாடவுனிலிருந்து சில சீனக் குடும்பங்களும் வந்தன. இரண்டாம், மூன்றாம் தலைமுறை, ஆங்கிலம் பேசுபவர்கள், மாதச் சம்பளக்காரர்கள். நல்ல பள்ளிக்கூடம், தோட்டத்தோடு ஒரு வீடு, வேலைக்குப் போய்வர வசதி என்று வெள்ளையர் எதற்காகப் புறநகர் வந்தார்களோ அதே காரணங்களுக்காகத்தான் இவர்களும் வந்தார்கள்.

இங்கே சதவீதம் நம்மை ஏமாற்றும் விதத்தையும் பார்த்துவிடலாம். 85%இலிருந்து 51%க்கு இறங்கியது என்றால், ஐந்தில் இரண்டு வெள்ளையர் போய்விட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தாண்டில் ஊரே வளர்ந்தது. 1960இல் மொத்தம் சுமார் 38 ஆயிரம் பேர், 1970இல் 49 ஆயிரம். பெருக்கிப் பார்த்தால் வெள்ளையர் 32 ஆயிரத்திலிருந்து சுமார் 25 ஆயிரம் ஆனார்கள். குறைந்தது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான். மீதிச் சரிவு, புதிதாக மற்றவர்கள் வந்து சேர்ந்ததால் ஏற்பட்டது. அந்த நான்கில் ஒரு பங்கிலும் வீட்டை விற்றுப் போனவர்கள் உண்டு, இறந்துபோனவர்கள் உண்டு, கல்யாணமாகி வேறு ஊர் போன பிள்ளைகள் உண்டு. 1970க்குப் பிறகுதான் சரிவு வேகமெடுக்கிறது. 1980இல் வெள்ளையர் சுமார் 14 ஆயிரம், 1990இல் 7 ஆயிரம். அது உண்மையான வெளியேற்றம்.

1990க்குப் பிறகு நிலைமை தலைகீழ். மொத்த எண்ணிக்கை 60 ஆயிரத்தைச் சுற்றியே நிற்கிறது. 2020இலும் 61 ஆயிரம்தான். டவுன் பஸ்ஸில் எப்போதும் அதே அளவு கூட்டம் இருந்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முகங்கள் மாறுவது போல, ஊரின் அளவு மாறாமலே கலவை மாறிக்கொண்டிருந்தது.

1965 சட்டமும் ஒரு ரியல் எஸ்டேட்காரரும்

ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறுவது நீண்ட காலம் கிட்டத்தட்ட அடைக்கப்பட்ட கதவு. 1882இல் சீனத் தொழிலாளர்களைத் தடுத்து ஒரு சட்டம் போட்டார்கள். 1943இல் அதை நீக்கியபோது சீனர்களுக்கு ஒதுக்கிய இடம் வருடத்துக்கு 105. 1946இல் இந்தியர்களுக்கு 100. 1965இல்தான், நாடுவாரியாக இப்படிப் பிரிக்கும் ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, குடும்ப உறவுக்கும் தொழில் திறமைக்கும் முன்னுரிமை தரும் சட்டத்தில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். இன்று அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்ததும் இந்தக் கதவு வழியாகத்தான்.

கதவு திறந்தால் மட்டும் போதாது, கிளம்ப ஒரு காரணமும் வேண்டும். 1971இல் ஐ.நா. சபையில் தைவான் தன் இடத்தை இழந்தது. 1979இல் அமெரிக்கா, சீனப் பெருநிலத்தை ஆளும் பெய்ஜிங் கம்யூனிஸ்ட் அரசை முறைப்படி அங்கீகரித்தது. 1984 ஒப்பந்தத்தின்படி 1997இல் ஹாங்காங் சீனாவிடம் போகும் என்பது உறுதியானது. பணமும் படிப்பும் இருந்தவர்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்து வெளியே இடம் தேடத் தொடங்கினார்கள்.

சரி, ஆயிரம் ஊர்கள் இருக்க ஏன் மான்டெரி பார்க்? இங்கே ஃப்ரெட்ரிக் ஷே என்ற ஒருவர் வருகிறார். 1960களில் படிக்க வந்த சீனர், பிறகு ரியல் எஸ்டேட் தொழிலில் இறங்கியவர். 1970களில் இந்த ஊரில் நிலமும் வீடும் வாங்கினார். பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸ் ஊரின் பெயரை வைத்து, தைவான், ஹாங்காங் பத்திரிகைகளில் "சீனர்களின் பெவர்லி ஹில்ஸ்" என்று விளம்பரம் செய்தார். 1977இல் உள்ளூர் வணிகர் சங்கத்தாரிடம், இந்த ஊர் சீனர்களின் மையமாகப் போகிறது என்று நேரடியாகவே சொன்னார். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அட்லாண்டிக் பூல்வார்ட், கார்வி அவென்யூ இரண்டிலும் சீன மளிகை அங்காடிகள், வங்கிகள், உணவகங்கள் வந்தன. ஒரு குடும்பம் வந்தால் அதன் கடிதத்தைப் பார்த்து அடுத்த குடும்பம் வரும். தாய்மொழி பேசும் மருத்துவர் ஒருவர் கடை வீதியில் இருந்தால் வயதான பெற்றோரை அழைத்துவரத் தயக்கம் இருக்காது. சங்கிலிக் குடியேற்றம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். நிலத்தின் விலை ஏறியது. ஒரு குடும்பம் இருந்த பழைய வீட்டை இடித்து அங்கே அடுக்குவீடுகள் கட்டினார்கள். போக்குவரத்து நெரிசல் வந்தது.

வெய் லீ என்ற புவியியலாளர் 1990களில் இத்தகைய ஊருக்கு 'எத்னோபர்ப்' என்று பெயர் வைத்தார். சைனாடவுன் என்பது, வேறு எங்கும் இடம் கொடுக்காததால் நகரின் நடுவில் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த இடம். எத்னோபர்ப்புக்கு மக்கள் பணத்தோடு, தாங்களே தேர்ந்தெடுத்து வருகிறார்கள். அங்கே முதலாளியும் இருப்பார், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவரும் இருப்பார், வேறு இனத்தவரும் கூடவே இருப்பார்கள்.

கலவை எப்போது அதிகம்?

"பன்முகத்தன்மை கூடியது" என்று செய்திகளில் வரும். அதை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஊரில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் வேறு வேறு குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொரு குழுவின் பங்கையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றிலிருந்து கழித்தால் விடை வந்துவிடும்.

1960இன் எண்களைப் போட்டால் சுமார் 26%. 1980இல் வெள்ளையர் 26%, லத்தீனோ 39%, ஆசியர் 35% என்று ஊர் கிட்டத்தட்ட மூன்றாகப் பிரிந்திருந்தது. அப்போது 66%. 2010இல் ஆசியர் 67%, லத்தீனோ 27%, வெள்ளையர் 5%. கணக்குப் போட்டால் 48%. ஆக, இந்த ஊர் மிக அதிகமாகக் கலந்திருந்தது 1980ஐ ஒட்டித்தான். அதற்குப் பிறகு ஒரு குழு பெரும்பான்மையாகி, கலவை குறைந்தது. வெள்ளையர் குறைந்தால் பன்முகத்தன்மை கூடியதாக எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு எண்ணும் உண்டு. எனக்கு மிகவும் வலிக்கும் எண் அது. 2010இல் இந்த ஊரில் இருந்த கறுப்பினத்தவர் 252 பேர், அரை சதவீதம்கூட இல்லை. 1962இல் அந்தத் தம்பதிக்காக நடந்த மறியல் வென்றது. ஆனால் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை.

ஆட்கள் மாறிய பிறகும் அதிகாரம்

1983இல் லில்லி லீ சென் மான்டெரி பார்க் மேயரானார். அமெரிக்காவில் மேயரான முதல் சீனப் பூர்வீகப் பெண் அவர். அப்போது நகர்மன்றத்தில் லத்தீனோக்களும் பிலிப்பினோ ஒருவரும் இருந்தார்கள். 1985இல் 'ஆல் அமெரிக்கா சிட்டி' விருதும் கிடைத்தது. நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று புகழ்ந்தார்கள்.

அடுத்த வருடமே எல்லாம் புரண்டது. 1986 ஏப்ரல் தேர்தலில் சென் உட்படச் சிறுபான்மை உறுப்பினர்கள் தோற்று, நீண்ட காலமாக ஊரில் இருந்த வெள்ளையர் மூவர் வந்தார்கள். அடுக்குவீடுகள் மீதும் நெரிசல் மீதும் மக்களுக்கு இருந்த கோபமும் இதற்கு ஒரு காரணம். அந்தக் கோபம் எல்லா இனத்தவருக்கும் இருந்தது, நியாயமானதும்கூட. ஆனால் அதே கோபத்தின் மேல் ஏறி மொழிச் சண்டையும் வந்தது. ஜூன் மாதம் ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக ஆதரித்து நகர்மன்றம் தீர்மானம் போட்டது. கடைப் பலகைகளில் சீன எழுத்து இருப்பது பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. தைவானிலிருந்து நூலகத்துக்கு நன்கொடையாக வந்த சீனப் புத்தகங்களைக்கூட ஒரு கவுன்சிலர் எதிர்த்தார். எல்லா இனத்தவரும் சேர்ந்து நல்லிணக்கக் கூட்டணி அமைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். சில மாதங்களிலேயே அந்தத் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. 1988இல் பள்ளி வாரிய உறுப்பினராக இருந்த ஜூடி சூ நகர்மன்றத்துக்குத் தேர்வானார். பல இனத்தவரின் வாக்குகளையும் வாங்கியவர். பின்னாளில், 2009இல், அமெரிக்க காங்கிரஸுக்குப் போன முதல் சீனப் பூர்வீகப் பெண்ணும் அவரே.

மக்கள்தொகையில் பாதியை எட்டும் ஒரு குழு, தேர்தலில் ஏன் இப்படித் தோற்கிறது? வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு கிடைத்துப் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு பதிவு செய்ய வேண்டும், வயது வந்திருக்க வேண்டும். தெருவில் நடப்பவர்களின் கலவையும் வாக்காளர் பட்டியலின் கலவையும் பத்து, பதினைந்து வருட இடைவெளியில் இருக்கும்.

குடியுரிமைச் சிக்கலே இல்லாத இடத்திலும் இந்த இடைவெளி வரும். மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸை ஒட்டிய ஃபெர்குசன் 1970இல் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் ஊர். 2010இல் 67% கறுப்பினத்தவர். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றபோது, ஆறு பேர் கொண்ட நகர்மன்றத்தில் ஒருவர்தான் கறுப்பினத்தவர். 53 காவலர்களில் மூன்று பேர். உள்ளாட்சித் தேர்தல் ஏப்ரல் மாதத்தில், பெரிய தேர்தல்கள் எதுவும் இல்லாத நேரத்தில் நடக்கும். வாக்களிக்க வருபவர்கள் மிகச் சிலரே. அந்த ஊருக்கு முதல் கறுப்பின மேயராக 'எல்லா ஜோன்ஸ்' என்ற பெண் வந்தது 2020இல்.

நமக்குத் தெரிந்த ஓர் ஊரும் இந்த வரிசையில் உண்டு. கனடாவில் டொரோண்டோவுக்கு வடக்கே இருக்கும் மார்க்கம். 1983க்குப் பிறகு அகதிகளாகப் போன ஈழத் தமிழர்கள் முதலில் ஸ்கார்பரோவின் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு வீடு வாங்க மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று நகர்ந்தார்கள். அதே காலத்தில் ஹாங்காங்கிலிருந்து சீனர்களும் மார்க்கத்துக்கு வந்தார்கள். 1995இல் துணை மேயர் ஒருவர் சீனர்களின் வரவைக் குறைகூறிப் பேசி, சுற்றியுள்ள ஊர்களின் மேயர்களே கண்டித்தார்கள். 2006இல் லோகன் கணபதி மார்க்கம் நகர்மன்றத்துக்கும், 2018இல் ஒன்டாரியோ சட்டமன்றத்துக்கும் தேர்வானார்.

படிவத்தில் இருக்கும் கட்டம்

கடைசியாக, எண்ணுவதைப் பற்றி. 2010இல் மான்டெரி பார்க் வெள்ளையர் 5% என்று மேலே சொன்னேன். அதே கணக்கெடுப்பில் இன்னொரு அட்டவணை 19% என்று காட்டும். இரண்டும் சரி. காரணம், அமெரிக்கப் படிவத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருந்தன. நீங்கள் ஸ்பானிய, லத்தீனோ பூர்வீகமா என்பது ஒன்று. உங்கள் இனம் எது என்பது இன்னொன்று. லத்தீனோக்களில் பலர் இரண்டாவது கேள்விக்கு 'வெள்ளையர்' என்று குறித்தார்கள். அவர்களைச் சேர்த்தால் 19, சேர்க்காவிட்டால் 5. எந்த அட்டவணை என்று பார்க்காமல் இரண்டு வருடங்களை ஒப்பிட்டால் இல்லாத மாற்றம் இருப்பதாகத் தெரியும். 1960இலோ இந்தக் கேள்வியே கிடையாது. தென்மேற்கு மாநிலங்களில் குடும்பப் பெயர் ஸ்பானியப் பெயரா என்று பார்த்துப் பிரித்தார்கள்.

நம்மவர்கள் கதை இதைவிட விசித்திரம். 1970 கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980இல்தான் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வந்தது. 1970இல் வெள்ளையராக எண்ணப்பட்ட ஒரு மதுரைக்காரர், அதே வீட்டில் இருந்துகொண்டே 1980இல் ஆசியரானார்.

'ஆசியர்' என்ற கட்டத்துக்குள்ளும் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1950களில் வந்த ஜப்பானியப் பூர்வீகக்காரர், 1975க்குப் பிறகு வியட்நாமிலிருந்து அகதியாக வந்த சீனர், தைவானிலிருந்து பணத்தோடு வந்த பொறியாளர், அப்புறம் சீனப் பெருநிலத்திலிருந்து வந்து உணவகத்தில் வேலை பார்ப்பவர். ஒரே கட்டம், ஒரே சதவீதம். வசதி வந்த பல சீனக் குடும்பங்கள் மான்டெரி பார்க்கை விட்டு ஆர்கேடியா, டயமண்ட் பார் என்று இன்னும் கிழக்கே போய்விட்டன, அந்த இடத்துக்குப் புதியவர்கள் வந்தார்கள். அட்டவணையில் இந்த நகர்வு தெரியவே தெரியாது.

2024 மார்ச்சில் அமெரிக்க அரசு விதியை மறுபடியும் மாற்றியது. இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பூர்வீகத்தினருக்குத் தனிக் கட்டம் வருகிறது. 2030 கணக்கெடுப்பு இந்தப் படிவத்தோடு நடந்தால், ஒரு வீடுகூடக் கைமாறாத தெருவிலும் சதவீதங்கள் மாறிக் காட்டும். அந்த எண்களை 2020உடன் ஒப்பிட்டு யாராவது தலைப்புச் செய்தி எழுதினால், படிவத்தில் என்ன மாறியது என்பதையும் கேட்டுவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.